கோடையில் கல் பார்க்க வாருங்கள்



மற்ற ஊர்களில் பங்குனி வெயில் வந்தால் கோடை. நாமக்கல்லில், பரீட்சை முடிந்த மறுநாள் அடுத்த பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட வரிசையில் நின்றால் கோடை! சிரிக்கிறீர்கள். வரிசையில் நின்றவர்கள்தான் அதிகம் சிரிக்கிறீர்கள்.

பிள்ளைகள் கோடையிலும் படிக்கட்டும். கலை வரலாறு படிக்கட்டும், அதை நம் பல்கலைக்கழகமே நடத்தட்டும் என்று கேட்கத்தான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

"அது என்னங்க படிப்பு?" என்று கேட்பீர்கள். லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர் இது. பின்கதவையும் கேபினின் வளைவையும் பார்த்தே, இது எந்தப் பட்டறை வேலை, எந்தக் காலத்து வேலை என்று சொல்லிவிடுகிற மேஸ்திரிகள் இங்கே இருக்கிறார்கள். அந்தக் கண்ணைக் கோயில் தூண்மேல் வைத்தால் அதுதான் கலை வரலாறு. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ராய் செய்தது அதைத்தான். தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை இருக்கிறதே, அதன் வடிவத்தைக் கோயில் கோயிலாகப் பார்த்தார். பல்லவர் காலத்தில் வளைந்து நின்றது, சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பட்டது, விசயநகரக் காலத்தில் பூமொட்டானது. கல்வெட்டே இல்லாத மண்டபத்துக்கும் காலம் சொல்ல ஒரு வழி பிறந்தது. அந்த ஆய்வு 1914இல் நூலாக வந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். மேற்கே நரசிம்மர் குடைவரை, கிழக்கே அரங்கநாதர் குடைவரை. இரண்டும் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவனின் குலப்பெயரைச் சுமந்த அதியர் குடைவித்தவை. இங்குள்ள ஒரு கல்வெட்டில் 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்றே பெயர் இருக்கிறது.

இங்கே என்னென்ன சிற்பங்கள்? ஆதிசேடன்மேல் அமர்ந்த திருமால், வராகர், இரணியனைப் பிளக்கும் நரசிம்மர், உலகளந்தவர், சிவனும் மாலும் ஒரே உடலான சங்கரநாராயணர். கர்நாடகத்தில் வாதாபிக்குப் போங்கள். சாளுக்கியர் கி.பி. 578இல் முடித்த மூன்றாம் குடைவரையிலும் இதே ஐந்து பேர்! வாதாபி எங்கே, நாமக்கல் எங்கே? இடையில் இரண்டு நூற்றாண்டு. வடகிழக்கே பல்லவர், தெற்கே பாண்டியர், வடமேற்கே சாளுக்கியர். நடுவே நம் சிறிய அதியர். இங்கே உளி பிடித்தவன் யாரிடம் தொழில் கற்றான்? யாருடைய கோயிலைப் பார்த்து வந்தான்? நாம் தினமும் சூடம் காட்டிக் கும்பிடுகிற இடத்தில் இப்படியொரு கேள்வி நிற்கிறது. நம் பிள்ளை ஒருவன் ஆராய்ச்சிப் பட்டமே வாங்கலாம்.

சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்குத் தாரமங்கலம் இருக்கிறது. கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில், மறைந்திருக்கும் இராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான்; வாலி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். பார்ப்பவன் எங்கே நிற்பான் என்று கணக்கிட்டு ஒரு சிற்பி கதையைக் கல்லில் வைத்திருக்கிறான். இதைப் படத்தில் காட்டி விளங்க வைக்க முடியுமா? அங்கே போய் நின்றால்தான் விளங்கும்.

அதனால்தான் கோடை விடுமுறையைக் கேட்கிறேன். பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் கலை வரலாற்றுக்குத் தனித்துறை உண்டு. நம் பக்கத்துக் கல்லூரிகளில் அது பெரும்பாலும் வரலாற்றுப் பாடத்துக்குள் ஓர் அத்தியாயம், தேர்வோடு சரி. 1997இல் பிறந்த நம் பெரியார் பல்கலைக்கழகம், மே மாதத்தில் நான்கு வாரம் ஒதுக்கட்டும். பாறை சுடுவதற்கு முன், காலை ஆறு முதல் ஒன்பது வரை கல்லின் முன்னால் வகுப்பு. உச்சி வெயிலில் நூலகமும் அருங்காட்சியகமும். பார்த்ததை வரையவும் அளக்கவும் எழுதவும் பழக்கட்டும். மதிப்பெண்ணும் கொடுக்கட்டும், கொடுத்தால்தான் நாம் அனுப்புவோம்!

"படித்தால் சோறு போடுமா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் களவு போய், ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் விலைக்கு வாங்கப்பட்டு நின்றார். 2014இல் அவரைத் திரும்பக் கொண்டுவர உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். படத்தையும் சிலையையும் ஒப்பிட்டு "இது எங்கள் ஊர்ச் சாமி" என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டாமா? திருப்பணி என்ற பெயரில் பழைய சிற்பத்தின்மேல் எனாமல் பெயிண்ட் அடிக்கும்போது "நிறுத்துங்கள்" என்று காரணத்தோடு சொல்ல ஊருக்கு நாலு பேர் வேண்டாமா?

மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை தூரிகை பிடித்துப் பிழைத்த ஓவியர். ஓவியர் ஒருவரின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்துக்கொண்ட ஊருக்கு, கலையைப் படிக்க ஒரு வகுப்பு கேட்கும் உரிமை உண்டு. துணைவேந்தருக்கு மனு எழுதி வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.