மருந்தை மாற்றினால் பயப்பட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



ஹெப்படைடிஸ் பி என்ற ஈரல் நோய்க்கு வருடக்கணக்காகக் குளிசை போடுகிறவர்கள் உண்டு. கிளினிக்கில் குளிசையை மாற்றித் தந்ததும், "நோய் முத்திப்போச்சோ?" என்று பயந்து, சிலர் பழையதையும் போடாமல் புதியதையும் போடாமல் விடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

ஏன் மாற்றுகிறார்கள்? 1998ஆம் ஆண்டில் இந்நோய்க்கு வந்த லமிவுடின் நல்ல மருந்துதான். ஆனால் 5 வருடம் போட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் கிருமி அதற்குப் பழகிவிடும். அப்போது டெனோஃபோவிர் கொடுப்பார்கள். அதிலே பழைய வகை சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும். அவர்களுக்கு வேறு வகை தருவார்கள். என்டெகாவிர் என்றால் வெறும் வயிற்றில் போட வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்து 2 மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகும்போது போடுவது லேசு.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நீங்களாக நிறுத்தினால், அடங்கிக் கிடந்த கிருமி திரும்ப எழும்பும். சிலருக்கு ஈரலே செயலிழந்து உயிருக்கு ஆபத்தாகும்.

ஆகவே பழையதை எந்த நாள் நிறுத்துவது, புதியதை எந்த நாள் தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். நடுவில் ஒரு நாளும் விடுபடக் கூடாது. மிஞ்சிய குளிசையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். இரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் கட்டாயம் போங்கள். ஒரு பேர் போனால் அடுத்த நாள் உழைக்கலாம். ஈரல் போனால் என்ன செய்வது?