ஓட்டைக் குடமும் வாவிக்கரைப் பாடசாலையும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றியது 13ஆம் நூற்றாண்டில். எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் வகுக்குமுன், பாயிரத்திலே அவர் கல்வியைப் பற்றிப் பேசுகிறார். நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் எத்தகையவர், பாடம் சொல்லும் முறை யாது, மாணாக்கர் எத்தகையவர், பாடம் கேட்கும் முறை யாது என்னும் ஐந்தையும் அங்கே காணலாம். மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகையாக்கி ஒவ்வொரு வகைக்கும் உவமையும் சொல்கிறார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவை கடைமாணாக்கருக்கு.

இந்த உவமைகளை வகுப்பிலே சொன்னால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீரை வார்த்தாலும் நில்லாது என்பது உண்மைதான். ஆனால், குடத்தில் ஓட்டை எங்கே விழுந்தது என்ற கேள்வியைப் பாயிரம் எழுப்புவதில்லை. அங்கே ஆசிரியர் இருக்கிறார், மாணாக்கர் இருக்கிறார். தாய் இல்லை, தகப்பன் இல்லை, வீடு இல்லை. இது அந்த நூலின் குறையன்று. மாணவன் ஆசிரியரை அடுத்திருந்து, அவர் குறிப்பறிந்து ஒழுகிக் கற்ற காலம் அது. இன்று நமது பிள்ளைகள் காலை ஏழரை மணிக்கு வருகிறார்கள். பிற்பகல் ஒன்றரை மணிக்கு வீடு திரும்புகிறார்கள். ஒரு நாளில் ஆறு மணித்தியாலம் பாடசாலைக்குரியது. எஞ்சிய பதினெட்டு மணித்தியாலமும் வீட்டுக்குரியது. ஆகவே ஆசிரியர், மாணாக்கர் என்ற இருவரோடு, குடும்பம் என்ற மூன்றாமவரையும் சேர்த்துப் பேச வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம். நமது வாவிக்கரையின் சிறு பாடசாலைகளை முன்வைத்து அந்த மூன்றாமவரைப் பற்றிச் சிந்திக்க விரும்புகிறேன்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே, கடலோரமாக அமைந்த நிலத்தை எழுவான்கரை என்கிறோம். மேற்கே, சூரியன் படும் திசையில் உள்ளதைப் படுவான்கரை என்கிறோம். நகரமும் பெயர்பெற்ற கல்லூரிகளும் கிழக்குப் பக்கத்திலே அமைந்தன. நமக்குச் சோறு போடும் வட்டைகள் மேற்குப் பக்கத்திலே கிடக்கின்றன. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, மண்டூர், வெல்லாவெளி என்று நீளும் அந்தப் பக்கத்துக்கு நீரைக் கடந்தே போக வேண்டும். மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இல். அதுவரை அங்கே 'பாதை' என்று நாம் அழைக்கும் மிதவையிலேதான் ஆசிரியரும் நோயாளரும் நெல்மூட்டையும் கடந்தார்கள். 2007ஆம் ஆண்டு வரை போரும் இந்த இரு கரைகளுக்கும் நடுவே குறுக்கே நின்றது.

பட்டதாரி ஆசிரியனாக நான் பெற்ற முதல் நியமனம் படுவான்கரையின் ஒரு சிறு பாடசாலைக்கு. முதலாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை வகுப்புகள் உண்டு. ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். வகுப்பு சிறியது, ஆகவே கற்பிப்பது எளிது என்று வெளியிலுள்ளோர் எண்ணுவதுண்டு. அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை பெரிய பரிசோதனை ஒன்று நடத்தப்பட்டது. சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினரை 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளிலும், மறு பகுதியினரை 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் அமர்த்திப் பார்த்தார்கள். சிறிய வகுப்பில் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னின்றார்கள். வறிய பிள்ளைகளுக்கு அந்த நன்மை கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு சிறு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். நமது சிறு பாடசாலையில் இரண்டு மூன்று வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் வரும்வரை கணிதமே இராது. சிறிய வகுப்பு என்பதும் ஆள் இல்லாத வகுப்பு என்பதும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் முறையும் மத்திய மகா வித்தியாலயங்களும் 1940களில், கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் வளர்ந்தவை. கிராமத்து ஏழைப் பிள்ளைக்கும் உயர்ந்த பாடசாலையின் வாயில் திறக்க வேண்டும் என்பதே நோக்கம். அதன் நற்பலனை நாம் நேரிலே கண்டவர்கள். வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் விடுதி எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளை ஆளாக்கியது. அந்த வளாகத்திலேதான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

ஆயினும் இந்தக் கதைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளை ஆறாந்தரத்துக்கு நகரப் பாடசாலைக்குப் போய்விடும். சித்தியடையாவிட்டாலும், கையிலே சம்பளம் உள்ள தகப்பனும், நகரிலே உறவினர் வீடு உள்ள தாயும் பிள்ளையை அக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். அது அவர்களுடைய உரிமை. யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் சிறு பாடசாலையின் ஆறாந்தரம் ஒவ்வோர் ஆண்டும், நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் பாடசாலைக்கு ஓடியாடி உதவக்கூடிய பெற்றோரையும் ஒரே நாளில் இழந்துவிட்டே தொடங்குகிறது. ஆறு முதல் ஒன்பது வரையான இடைநிலை வகுப்புகளில் எஞ்சுவோர் போக வழியற்ற பிள்ளைகள். ஐந்து ஆண்டுகள் கழித்துச் சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும்போது, போனவர்கள் சேர்ந்த பாடசாலையையும் எஞ்சியவர்கள் படித்த பாடசாலையையும் ஒரே பட்டியலில் வைத்து, இது முதலிடம், அது கடைசியிடம் என்கிறோம். உயர்ந்த பெறுபேற்றில் பெரும்பகுதி பிள்ளையோடு கூடவே அக்கரைக்குப் போனது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

அமெரிக்காவில் 1966இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வெளிவந்த அறிக்கையும் இதையொத்த முடிவுக்கே வந்தது. பாடசாலைகளின் கட்டடத்திலும் வசதியிலும் உள்ள வேறுபாட்டைவிடப் பிள்ளையின் குடும்பப் பின்னணியே அதன் கல்விப் பேற்றை அதிகம் விளக்குகிறது என்றது அது. இதைக் கேட்டு, அப்படியானால் பாடசாலையால் ஆவதொன்றுமில்லை என்று கைவிரித்தவர்களும் உண்டு. நான் அதை வேறுவிதமாகக் கொள்கிறேன். குடும்பமே பெரிதென்றால், அந்தக் குடும்பத்தை அறியாமல் பாடம் சொல்ல முடியாது.

நமது குடும்பங்களை நாம் அறிவோமா? பாடசாலைப் படிவத்திலே தகப்பனின் பெயர், தகப்பனின் தொழில் என்று கேட்கிறோம். ஆனால் மட்டக்களப்பிலே குடி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போவதால், மணமான ஆணே பெண்வீட்டுக்கு வருகிறான். பிள்ளை வளர்வது அம்மம்மாவின் நிழலில். அதன் படிப்பைப் பற்றிய பேச்சிலே தாய்மாமனின் சொல்லுக்குத் தனி மதிப்புண்டு. படிவத்தில் அம்மம்மாவுக்கு ஒரு வரி இல்லை, மாமனுக்கும் இல்லை. தாய் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போன வீடுகள் நமது கிராமங்களில் அநேகம். அங்கே அம்மம்மாதான் எல்லாம். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து பின்வாங்கில் ஒதுங்கி அமரும் அந்த மூதாட்டியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

எனது வகுப்பிலே எட்டாந்தரத்தில் ஒரு மாணவி இருந்தாள். முதற்பாடத்தில் கண்ணயர்ந்துவிடுவாள். இரண்டு மாதங்களாக வீட்டுவேலைக் கொப்பியும் வெறுமையாக இருந்தது. வீடு தேடிப் போனேன். தாய் குவைத்தில். தகப்பன் விடியற்புறம் வாவியிலே வலை இழுக்கப் போய்விடுவார். அவர் கொண்டுவரும் மீனைத் தரம் பிரித்துக் கொடுப்பதும், தம்பிமார் இருவரைக் குளிப்பாட்டிப் புறப்படச் செய்வதும் அவள் பொறுப்பு. அம்மம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. "பிள்ளைய நான் படிக்காத எண்டு சொல்லல்ல மகன், அவள் இல்லாட்டி இந்த வீடு விடியாது" என்றார் அந்தத் தாய்.

அதிபரோடு பேசினோம். வீட்டுவேலையைப் பாடசாலை விட்டபின் அரை மணித்தியாலம் நின்று செய்துமுடிக்க இடம் கொடுத்தோம். மீன் வேலையின் ஒரு பகுதியை மாமன் ஏற்றுக்கொண்டார். அவ்வளவுதான் செய்தது. அவள் சாதாரண தரத்தில் தமிழும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியடைந்து உயர்தரத்துக்குப் போனாள். மாவட்டப் பட்டியலில் அது ஒரு பொருட்டான பெறுபேறல்ல. ஆனால் எட்டாந்தரத்தில் அவள் நின்ற இடத்தையும், பதினோராந்தரத்தில் போய்ச் சேர்ந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பெரிய கல்லூரியின் சிறப்புச் சித்திக்கும் அது குறைந்ததல்ல.

குடும்பத்தை அறிந்து கற்பிப்பது நமக்குப் புதிதுமல்ல. காரைதீவிலே 1892இல் பிறந்து 1924இல் துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் முகாமையாளராக இருந்தார். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்த அந்த அறிஞர், வறிய பிள்ளையின் உணவையும் இருப்பிடத்தையும் கல்வியின் பகுதியாகவே கொண்டார். பாடசாலையோடு மாணவர் இல்லமும் சேர்ந்தே வளர்ந்தது அதனாலேதான்.

அக்காலத்து மிஷன் பாடசாலைகள் பல, அரசின் உதவி நன்கொடை பெற்றவை. பணம் அரசினுடையது, நிருவாகம் மிஷனுடையது. இன்று அமெரிக்காவில் சாட்டர் பாடசாலை எனப் பேசப்படுவதும் ஏறத்தாழ இதுவே. மினசோட்டா மாநிலம் 1991இல் முதன்முதலாக அதற்குச் சட்டம் இயற்றியது. கட்டணம் அறவிடாமல், அரச பணத்தில், தனிக் குழுவொன்று ஒப்பந்தப்படி பாடசாலையை நடத்தும். ஒப்பந்தப்படி பெறுபேறு காட்டாவிட்டால் மூடப்படவும் கூடும். அவற்றுள் சிறியவை பல. பிள்ளையை அங்கே சேர்த்த பெற்றோரிடம் கேட்டால், ஆசிரியர் எங்கள் பிள்ளையைப் பெயர்சொல்லி அறிவார், எங்களையும் அறிவார் என்பதையே முதலில் சொல்வார்கள். பெற்றோரின் மனநிறைவும் பரீட்சைப் புள்ளியும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை என்பது அங்கேயும் கண்ட உண்மை. எதை அளப்பது என்ற வழக்கு அந்த நாட்டிலும் தீரவில்லை.

நமது நாட்டில் 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. முகாமையாளர் முறையில் குறைகள் இருந்தன. ஆசிரியரின் தொழில் ஒருவருடைய விருப்பு வெறுப்பில் தொங்கிய காலமும் உண்டு. அது திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் வீட்டை அறிந்திருந்த அந்த ஒரு பழக்கம் திரும்ப வேண்டும் என்கிறேன்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் பத்தாயிரத்துச் சொச்சம் அரச பாடசாலைகளில், ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகளைக் கொண்டவை ஆயிரத்துக்கு மேல். அவற்றை இணைப்பது, மூடுவது என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. சில இடங்களில் இணைப்பதே நல்லதாயிருக்கலாம். ஆனால் நகரத்திலே மூடப்படும் பாடசாலைக்கு அடுத்தது அரைக் கட்டை தொலைவில் இருக்கும். வாவிக்கரையிலே அடுத்தது வட்டைக்கு அப்பால், மாரிவெள்ளத்துக்கு அப்பால் இருக்கும். 2022இல் எரிபொருள் இல்லாமற் போன மாதங்களில், நடந்து போகக்கூடிய பாடசாலையின் அருமையை நாடே அறிந்தது. தூரம் கூடினால் முதலில் வீட்டில் நின்றுவிடுவது பெண்பிள்ளை. முன்னே சொன்ன அந்த மாணவியின் பாடசாலை ஐந்து கட்டைக்கு அப்பால் இருந்திருந்தால் ஆறு பாடச் சித்தி ஏது?

ஆகவே, சிறு பாடசாலை ஒன்றின் தலைவிதியைத் தீர்மானிக்குமுன் மூன்று காரியங்களைச் செய்தால் போதும். பிள்ளை ஆறாந்தரத்தில் என்ன அறிந்திருந்தது, பதினோராந்தரத்தில் என்ன அறிந்தது என்று இரண்டையும் குறித்து, இடையிலுள்ள வளர்ச்சியை அளக்க வேண்டும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியரை நிரப்பிய பின்னரே பெறுபேறு கேட்க வேண்டும். வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஆண்டில் ஒருமுறையாவது போய்வர நேரம் ஒதுக்க வேண்டும். மூன்றாவதைச் செய்யப் பெரும் பணம் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பிலே அது ஆகக்கூடிய காரியம். சிறு பாடசாலையின் பலமும் அதுவே. நாற்பத்தைந்து பேர் உள்ள நகர வகுப்பில் ஓர் ஆசிரியர் அதைச் செய்ய நினைத்தாலும் முடியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பாடசாலைக்கு வர வெட்கப்பட வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மம்மாவும் இரவிலே பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்கலாம். பிள்ளை சொல்வது அவருக்கு விளங்க வேண்டியதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பது பிள்ளைக்கு விளங்கினால் போதும்.

நன்னூலார் காட்டிய ஓட்டைக் குடத்தைப் பழித்துப் பயனில்லை. பசி ஒரு ஓட்டை, கடன் ஒரு ஓட்டை, கடல் கடந்து போன தாயின் பிரிவு ஒரு ஓட்டை. வீட்டுப்படியேறிப் பார்த்த ஆசிரியருக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியும். தெரிந்தால் அடைக்கவும் கூடும்.