கையைத் தூக்காத கேமரா

இங்கே அமீரகத்தில் இரவு ஒன்பது மணி. சிங்கப்பூர் நண்பர்கள் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். உங்களை அதிக நேரம் பிடித்துவைக்க மாட்டேன்.

மருத்துவமனையைப் பற்றிய கதைகள் குறித்துப் பேசச் சொன்னார்கள். நான் ஜி.என்.எம். டிப்ளமோ படித்த செவிலி. இருபது வருடத்துக்கும் மேலாக வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். இடையிடையே கதை எழுதுகிறேன். ஆகவே புத்தகங்களைப் பற்றித்தான் பேச நினைத்திருந்தேன். ஆனால் சில மாதங்களுக்கு முன் ஒரு மூக்குக்கண்ணாடி எங்கள் சிகிச்சை அறைக்குள் வந்தது. அன்றிலிருந்து அதைத் தவிர வேறெதையும் யோசிக்க முடியவில்லை. அதையே பேசுகிறேன்.

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு சிகிச்சை அறை. இரண்டு படுக்கை, நடுவில் திரை. ஒரு படுக்கையில் நம்ம ஊர் பெரியவர் ஒருவர். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வருவார். சர்க்கரை அவருடைய விழித்திரையையும் அரித்துவிட்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் வயதான எமிராத்தி அம்மா ஒருவர், மகளோடு. இங்கே வயதான அரபுப் பெண்களை நாங்கள் 'மாமா' என்றுதான் கூப்பிடுவோம். அரபியில் அது அம்மா. நம் காதுக்குத்தான் வேறு மாதிரி கேட்கும். அந்த மாமாவுக்கும் காலில் கட்டு. உடையை முழங்கால் வரை தூக்கி வைத்திருந்தார். முகத்திரையையும் எடுத்திருந்தார்.

நான் மருந்து எடுக்கத் திரும்பியபோது திரை ஒரு சாண் விலகியது. பெரியவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ முணுமுணுத்தார். அவர் கண்ணாடியின் ஓரத்தில் சின்னதாக வெள்ளை விளக்கு மின்னியது. மகள் அதைப் பார்த்துவிட்டார். "தஸ்வீர்! தஸ்வீர்!" என்று ஒரே சத்தம். படம் எடுக்கிறான் என்று அர்த்தம். செக்யூரிட்டி ஓடி வந்தார்.

பெரியவருக்குக் கை நடுங்கியது. "சிஸ்டர், நான் யாரையும் எடுக்கலம்மா. இந்த ட்யூப்ல என்ன எழுதியிருக்குன்னுதான் கேட்டேன். போலீஸ் வேணாம்மா" என்று கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கொடுத்தபிறகு, பக்கத்திலிருந்த நாற்காலி தெரியாமல் அதில் முட்டிக்கொண்டார்.

கையில் வாங்கிப் பார்த்தேன். பார்வைக்குச் சாதாரண ரேபான் கண்ணாடி. மெட்டா நிறுவனமும் ரேபானைத் தயாரிக்கும் எஸ்ஸிலார் லக்ஸாட்டிகாவும் சேர்ந்து செய்தது. இந்த வடிவம் 2023 அக்டோபரில் வந்தது. 2025 பிப்ரவரிக்குள் 20 லட்சம் விற்றுவிட்டதாக அவர்களே சொன்னார்கள். அமீரகத்துக்கும் இந்தியாவுக்கும் 2025 மே மாதம் வந்தது. இந்தியாவில் அப்போது ஆரம்ப விலை 29,900 ரூபாய். படம் எடுக்கும், வீடியோ எடுக்கும், பாட்டுப் பாடும், "இது என்ன?" என்று கேட்டால் பார்த்துச் சொல்லும். உங்கள் கண்ணுக்கான பவரையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம்.

அமீரகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த மகள் ஏன் அப்படிப் பதறினார் என்று. 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் இணையக் குற்றச் சட்டம், 44-ஆம் பிரிவு. அனுமதியில்லாமல் ஒருவரைப் படமெடுத்து அவருடைய அந்தரங்கத்தில் நுழைந்தால் குறைந்தது ஆறு மாதச் சிறை, அல்லது ஒன்றரை லட்சம் முதல் ஐந்து லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். பொது இடமாக இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். விபத்தில் அடிபட்டவர், இறந்தவர் படத்தைப் பரப்புவதும் இதே பிரிவில் வரும்.

ஆனால் அந்தச் சத்தத்தில் சட்டத்தைவிடப் பழைய ஒன்று இருந்தது. அதை நான் முதலில் கேட்டது சவூதியில்.

2003-இல் சவூதிக்கு வேலைக்குப் போனேன். அப்போது அங்கே கேமரா வைத்த கைபேசிக்குத் தடை. 2002-இல் போட்ட தடை. இறக்குமதியும் கூடாது, விற்பனையும் கூடாது. ஆனாலும் எங்கள் ஹாஸ்டலில் ஒரு மலையாளி சேச்சியிடம் ஒன்று இருந்தது. கதவைப் பூட்டி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, புதுச் சுடிதாரில் ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டோம். இப்படி ஒரு சட்டமா என்று சிரித்தோம்.

ஒருமுறை எங்கள் வார்டில் இருந்த பெண்ணின் தங்கை கல்யாணத்துக்கு அழைத்தார்கள். பெண்கள் பகுதி வாசலில் ஒரு அம்மா எல்லோர் கைப்பையையும் திறந்து பார்த்து, கைபேசியை வாங்கி எண் அட்டை கட்டி வைத்தார். உள்ளே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. அபாயாவைக் கழற்றிவிட்டு, கூந்தலை விரித்துவிட்டு, பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அந்த அம்மா இருக்கிற தைரியத்தில் ஆடினார்கள். ஒரு படம் வெளியே போனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

2004 டிசம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் கேமராபோன் வந்த பிறகு தடை நிற்காது. 2007-இல் சட்டமாகக் கொண்டுவந்தார்கள்: கைபேசிக் கேமராவைத் தவறாகப் பயன்படுத்தி அந்தரங்கத்தில் நுழைந்தால் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரியால் வரை அபராதம். ஆனால் மண்டபத்து வாசல் பழக்கம் அதற்குப் பிறகும் போகவில்லை. இப்போது நான் யோசிப்பது இதுதான். மைனஸ் ஐந்து பவர் உள்ள ஒரு பெண் இந்தக் கண்ணாடியோடு வந்தால் வாசலில் இருக்கும் அம்மா என்ன செய்வார்? போனை வாங்கி வைக்கலாம். பார்வையை வாங்கி வைக்க முடியுமா?

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். ஒரு ரமலான் மாதம், தொழிலாளர் கேம்ப் ஒன்றில் மருத்துவ முகாம். ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, முடிவில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பார்கள். வரிசையில் நின்றவர்களை ஒரு தன்னார்வலர் தம்பி படமெடுக்கக் கைபேசியைத் தூக்கினார். நம்ம ஊர்க்காரர் ஒருவர் சட்டென்று தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "என்ன அண்ணே, வெட்கமா?" என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர். ஊர்ல நான் ஸ்டோர் கீப்பர்" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததே அந்த வேலையைச் சொல்லித்தான். பொட்டலத்துக்கு நிற்கிற படம் ஒன்று ஊர் வாட்ஸப் குழுவுக்குப் போனால் எல்லாம் முடிந்தது.

இப்போது கவனியுங்கள். அவரைக் காப்பாற்றியது எது? அந்தத் தம்பியின் கை மேலே போனது. அந்த ஒரு நொடியில் அவர் துண்டை எடுத்தார். கேமரா எவ்வளவு சின்னதானாலும், எடுப்பவர் கையைத் தூக்க வேண்டியிருந்தது. கதவைத் தட்டுவது மாதிரி அது. தட்டினால் உள்ளே இருப்பவர் துணியைச் சரிசெய்துகொள்வார். இல்லையென்றால் 'வராதே' என்பார். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் கைபேசியில் படமெடுக்கும் சத்தத்தை அணைக்க முடியாதபடி வைத்தார்களே, அதுவும் ஒரு தட்டல்தான்.

இந்தக் கண்ணாடியில் கை மேலே போவதில்லை. சொன்னால் எடுக்கும். தட்டலுக்குப் பதிலாக அந்த வெள்ளைப் பொட்டு விளக்கு. அதை மூடினால் படமெடுக்க விடாமல் எச்சரிக்கும் என்கிறது நிறுவனம். நல்லதுதான். ஆனால் ஆகஸ்ட் மாத மதிய வெயிலில், அது என்ன விளக்கு என்றே தெரியாத ஒரு தொழிலாளி அதைக் கண்டு துண்டை எடுப்பாரா? காசு வாங்கிக்கொண்டு அந்த விளக்கையே செயலிழக்க வைத்துத் தருகிறவர்கள் அமெரிக்காவில் இருப்பதாக 2025-இல் செய்தியும் வந்தது.

2013-இல் கூகுள் கிளாஸ் வந்தபோது அமெரிக்கர்களே எரிச்சலடைந்தார்கள். சியாட்டிலில் ஒரு மதுக்கடை, 'இதைப் போட்டுக்கொண்டு உள்ளே வராதே' என்று அறிவித்தது. அணிந்தவர்களுக்கு ஒரு வசைப்பெயரே உண்டாயிற்று. 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். அன்று கோபப்பட முடிந்ததற்குக் காரணம், அது நெற்றியில் துருத்திக்கொண்டு தெரிந்தது. இன்றைய கண்ணாடி தெரிவதில்லை. ஆகவே கோபமும் வருவதில்லை. 2024-இல் ஹார்வர்ட் மாணவர்கள் இருவர் இதே கண்ணாடியையும் இணையத்தின் முகத்தேடல் வசதியையும் இணைத்து, வழியில் போகும் அந்நியரின் பெயர், முகவரி வரை எடுக்கலாம் என்று செய்தே காட்டினார்கள். எச்சரிக்கத்தான் செய்ததாகச் சொன்னார்கள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கடுமையாகவும் இருக்கிறது. ஆனால் தன்னை எடுத்தது தெரிந்தால்தானே புகார் கொடுக்க முடியும்? தெரிந்தாலும், வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண் தன் முதலாளி வீட்டார் மேல் புகார் கொடுப்பாரா?

சரி, அந்தப் பெரியவருக்கு வருகிறேன். கண்ணாடி என் கையில் இருந்தது. அவருடைய சம்மதத்தோடு கைபேசியைத் திறந்து, அதில் சேர்ந்திருந்த படங்களை அந்த மகளிடம் காட்டினேன். மருந்து அட்டை. பஸ் எண். தயிர் டப்பாவின் தேதி. மறுபடி மருந்து அட்டை. கடைசியில் அன்றைய ட்யூப், அதன் பின்னால் எங்கள் திரையின் நீலம். மனிதர் முகம் ஒன்றுகூட இல்லை. மகன் வாங்கிக் கொடுத்த கண்ணாடி. அதைப் போட்ட பிறகுதான் யாரையும் எதிர்பார்க்காமல் தானே மாத்திரை எடுத்துப் போடுகிறார். பார்வையற்றோருக்குத் தன்னார்வலர்கள் உதவும் 'பி மை ஐஸ்' சேவையை இந்தக் கண்ணாடியோடு இணைப்பதாக 2024 செப்டம்பரில் அறிவித்தபோது நானே சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதைப் பிடுங்கி எறிய எனக்கு மனம் வராது.

அந்த மகள் எல்லாப் படத்தையும் பார்த்தார். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாமா திரைக்குப் பின்னாலிருந்து, அவருக்கு நலமுண்டாகட்டும் என்று சொன்னார். ஆனால் போகும்போது மகள் என்னிடம் கேட்டார்: "இவர் நல்லவர். அடுத்து வருபவர் நல்லவர் என்று எனக்கு எப்படித் தெரியும், சிஸ்டர்?"

என்னிடம் பதில் இல்லை. வேலையைத்தான் மாற்றிக்கொண்டோம். இப்போது பெரியவர் வரும்போது கண்ணாடியை வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிடுவார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவேன். மருந்தின் பெயரை நான் வாசித்துச் சொல்வேன். இதற்கு நாலைந்து நிமிடம் கூடுதலாக ஆகிறது. கூட்டமான நாளில் எரிச்சலும் வருகிறது. ஆனாலும் ஒருவர் பார்வையை வாங்கி வைத்தால், அந்த நேரத்துக்கு நாம் அவர் கண்ணாக இருக்க வேண்டும். வெறுமனே தடை போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நர்சிங் பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர், முதல் வாரத்தில் நோவாவின் கதையைச் சொன்னார். தகப்பன் ஆடையில்லாமல் கிடக்கும்போது இரண்டு மகன்கள் பின்பக்கமாக நடந்துபோய்ப் போர்த்துகிறார்கள். "படுக்கைக் குளியல் கொடுக்கும்போது எந்தப் பாகத்தைத் துடைக்கிறாயோ அதை மட்டும் திற. மற்றதை மூடு. திறப்பதற்கு முன் சொல்லிவிட்டுத் திற." நாங்கள் எல்லோரையும் பார்க்கிறவர்கள். ஆகவே எங்களுக்குத்தான் முதலில் அந்தப் பாடம்.

கடைசியாக ஒன்று. துண்டால் முகத்தை மூடியவரை நான் கதையாக எழுதியிருக்கிறேன். அவரைக் கேட்கவில்லை. நானும் கையைத் தூக்காமல் எடுத்தவள்தான். எழுதுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான். எனக்கு ஒரு வசதி இருந்தது: முகத்தை மாற்றலாம், ஊரை மாற்றலாம். கேமராவுக்கு அது கிடையாது. அவர் ஊரில் சொல்லிவைத்திருந்தது ஸ்டோர் கீப்பர் வேலை அல்ல. வேறொன்று. கதையிலும் மாற்றினேன், இன்றும் மாற்றித்தான் சொன்னேன். அது போதுமா என்று எனக்கு இன்னும் உறுதியில்லை.

இந்த அரங்கில் யாராவது அந்தக் கண்ணாடி வாங்கியிருந்தால் உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு கையும் நிறைந்திருக்கும்போது அதன் சிரிப்பைப் பிடிக்க ஆசை இருக்கும். அடுத்தவர் முன்னால் மட்டும், எடுப்பதற்கு முன் கையைக் கண்ணாடிக்குக் கொண்டுபோங்கள். "எடுக்கட்டுமா?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். அவர் துண்டை எடுக்க நேரம் கொடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.