யார் தாழ வேண்டும்?



ஐயாவின் நினைவுநாளில் 'தாழ்ச்சி' பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். "எழுச்சியப் பத்திப் பேசுவீங்கன்னு பாத்தா தாழ்ச்சியப் பத்திப் பேசப்போறீங்களா? இன்னும் எவ்வளவுதான் தாழணும்?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

தாழ்ச்சி, தாழ்த்தப்பட்டோர் ஆகிய இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றுதான். ஒன்று, ஒருவர் தாமாகத் தாழ்வது. மற்றது, பிறர் அவரைத் தாழ்த்தி வைப்பது. பள்ளிக்கூட இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று இதைச் சுலபமாகப் பிரித்துவிடுகிறோம். கோயிலுக்குள் இந்தப் பிரிப்பு நடக்கவே இல்லை. தலையான பாவங்கள் ஏழில் முதலாவது அகங்காரம், அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி என்று ஞாயிறு மறைக்கல்வியில் நாமும் ஒப்பித்தோம், ஊர்த்தெருப் பிள்ளைகளும் ஒப்பித்தார்கள். பாடம் ஒன்றுதான். முடிந்ததும் அவர்கள் ஒரு தெருவுக்கும் நாம் வேறு தெருவுக்கும் போனோம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கு வரும் சொல் 'தபெய்னோஸ்'. அந்தக் காலத்துக் கிரேக்க, ரோமானிய உலகில் அது உயர்ந்த பண்பின் பெயரல்ல. கீழே கிடப்பவரை, அடிமைத்தனமாக நடப்பவரை இழிவாகக் குறிக்கும் சொல். லூக்கா நற்செய்தியில் மரியா பாடும் பாட்டில் இதே சொல் வருகிறது. அங்கே கடவுள் வலியவர்களை அரியணையிலிருந்து இறக்கி, தாழ்ந்தவர்களை உயர்த்துகிறார். ஒரு குணத்தைப் பற்றி மரியா பாடவில்லை, ஒரு நிலையைப் பற்றிப் பாடுகிறார். அந்த நிலை மாற வேண்டும் என்று பாடுகிறார். நம் பிரசங்கங்களில் தாழ்ச்சியுள்ள மரியா வந்த அளவுக்கு இந்த மரியா வந்ததில்லை.

விருந்தில் கடைசி இடத்தில் போய் உட்கார் என்று இயேசு சொன்ன உவமையையும் பாருங்கள். அதை அவர் யாரிடம் சொன்னார்? பரிசேயர் தலைவர் ஒருவரின் வீட்டில், முதல் இருக்கைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த விருந்தாளிகளிடம் சொன்னார். கடைசியில் உட்கார வைக்கப்பட்டவர்களிடம் சொல்லவில்லை. அந்தப் பந்திக்கே அழைக்கப்படாதவர்களிடம் சொல்லவே இல்லை. விருந்து கொடுத்தவரிடம் திரும்பி, அடுத்தமுறை ஏழைகளைக் கூப்பிடு என்கிறார். அறிவுரை மேலிருப்பவர்களுக்கு, அழைப்பு கீழிருப்பவர்களுக்கு. விலாசம் மாற்றி விநியோகிக்கப்பட்ட கடிதம் போல அந்த அறிவுரை நம் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல், கடவுள் வடிவில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் நிலைக்கு இறங்கினார் என்கிறார். இறங்குவதற்கு ஒரு மேல்படி வேண்டும். ஏற்கெனவே தரையில் இருப்பவரிடம் இறங்கு என்றால் அவர் எங்கே இறங்குவார்? குழிதான் தோண்ட வேண்டும்.

மாணவர்களுக்காக வரலாற்றையும் கொஞ்சம் தொட்டுவிடுகிறோம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி உயர்சாதியினரிடம் போக ஐயர் கோலம் பூண்டார். பிறகு மற்றவர்களுக்கென்று பண்டாரசாமிகள் தனியாக வந்தார்கள். நற்செய்தி ஒன்று, அதைக் கொண்டுவருகிற சாமியார் சாதிக்கு ஒருவர். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்குக் கால்சட்டை போல இரண்டு கால்கள். வெள்ளாளர் ஒரு காலில், நாடார் முதலானோர் மறு காலில், பீடம் மட்டும் பொது. 1910இல் ஒரு பாதிரியார் நடுச்சுவரை இடித்தபோது அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2008 மார்ச்சில் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே கோயிலில் முழந்தாளிட்டவர்கள்தான். இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட 2016 வரை ஆயிற்று.

மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலை பற்றி எழுதும்போது பாபாசாகேப் அம்பேத்கர் ஒரு முக்கியமான இடத்தைத் தொட்டார். உன் வீழ்ச்சிக்குக் காரணம் உன்னைச் சூழ்ந்த அநீதியான அமைப்பல்ல, உன் பாவம்தான் என்று கற்பிக்கப்படும் ஒருவருக்கு, அந்த அமைப்பை மாற்றும் வேகம் எப்படி வரும் என்பதே அவருடைய வாதம். இதையே வேறொரு முனையிலிருந்து 1960இல் அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் வலெரி சைவிங் எழுதினார். அகங்காரம்தான் மனிதரின் அடிப்படைப் பாவம் என்பது ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்த இறையியல், பெண்களின் ஆபத்து தன்னையே தொலைத்துவிடுவதில் இருக்கிறது என்றார். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது பலரைச் சுட்டதும் இதனால்தான். மடத்துக்குள் போன ஒரு தலித் பெண், பணிவு என்ற பெயரில் அங்கே நடப்பதைப் பார்த்து வெளியே வந்த கதை அது. அவர் வெளியே வந்ததைச் சிலர் அகங்காரம் என்றுகூடச் சொல்லலாம். எங்களுக்கு அது ஆன்மிகம்.

அரசும் இந்தப் பாடத்தைத் தன் பங்குக்கு நடத்துகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ராஜ் கௌதமனின் சிலுவைராஜ் சான்றிதழுக்காகப் படுகிற பாட்டைப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒருபக்கம் பொறுத்திருங்கள் என்று சபை சொல்கிறது, மறுபக்கம் காத்திருங்கள் என்று அரசு சொல்கிறது.

அப்படியானால் தாழ்ச்சியை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிடலாமா? மாட்டோம். சிரோபெனிக்கியப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மகளுக்குச் சுகம் கேட்டு வந்தவளிடம், பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடலாமா என்கிறார் இயேசு. அவள் போய்விடவில்லை. மேசைக்குக் கீழே விழும் துணுக்குகளை நாய்களும் தின்னுமே என்று திருப்பிக் கேட்கிறாள். இதையும் தாழ்ச்சிக்கு உதாரணமாகவே நமக்குப் போதித்தார்கள். எங்களுக்கு அதில் தெரிவது வாதம். மாற்கு எழுதியிருப்பதைக் கவனியுங்கள், அவள் சொன்ன அந்தப் பேச்சின் பொருட்டே மகள் குணமானாள் என்கிறார். அந்தக் காட்சியில் தாழ்ந்தது யார்? வேற்றினத்துப் பெண் ஒருத்தியின் வாதத்துக்குக் காதுகொடுத்து, தன் முடிவை மாற்றிக்கொண்டாரே, அவர்தான்.

அந்தத் தாழ்ச்சி நமக்கும் தேவைப்படுகிறது. 2009இல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது நமக்குள் எழுந்த முணுமுணுப்பு எல்லோருக்கும் தெரியும். 2024இல் உச்ச நீதிமன்றம் உள்வகைப்பாடு செல்லும் என்று சொன்ன பிறகும் அந்த முணுமுணுப்பு அடங்கவில்லை. ஊர்த்தெருக்காரர் நம்மிடம் பேசிய அதே குரலில், பொறுங்கள், ஒற்றுமை கெட்டுவிடும் என்று நாம் அவர்களிடம் பேசினோம். நம் வீட்டுப் பெண்களிடம் இதைவிட நீண்ட காலமாகப் பேசிவருகிறோம். அந்த இடத்தில் மேல்படியில் நிற்பது நாம். இறங்க நமக்கு இடமிருக்கிறது.

ஐயாவுக்குக் கூட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. பேசி முடித்ததும் மேடையில் உட்கார மாட்டார், கடைசி வரிசைக்குப் போய் அங்கிருப்பவர்களின் கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த கூட்டம் அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கும். இந்த நினைவுச் சொற்பொழிவு மேடைக்கு இதுவரை வந்தவர்களை எண்ணிப் பார்த்தோம். பெண்கள் மிகக் குறைவு. அருந்ததியர் ஒருவரும் இல்லை. அடுத்த ஆண்டு யாரை அழைப்பது என்று செயற்குழு கூடும்போது இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். இப்போது கடைசி வரிசையிலிருந்து கேள்விகள் வரட்டும்.