எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல

(கம்மாபுரத்தில் நடந்த குழந்தைகள் நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைக்குக் கழுத்தில் ஒரு கட்டி. ஸ்கேன் எடுத்தால் கல்லீரலிலும் ஒன்று. "புற்றுநோயா இருக்கலாம்" என்று காதில் விழுந்ததும் பெத்தவங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சிலருக்குக் காசநோய் என்று மருந்து தொடங்குவார்கள், கட்டி கரையாது. இப்படி வரும் குழந்தைகளில் சிலருக்கு இருப்பது இரண்டுமே அல்ல. அது பிறவியிலேயே வரும் ஓர் எதிர்ப்புச் சக்திக் குறைபாடு. நாள்பட்ட கிரானுலோமா நோய், சுருக்கமாக சி.ஜி.டி. என்போம். அரிய நோய்தான், ஆனால் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நம்ம ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கி, உள்ளேயே ஒரு ரசாயனத்தை உண்டாக்கிக் கொன்றுவிடும். இந்தக் குழந்தைகளின் அணுக்கள் விழுங்கும். அந்த ரசாயனத்தை உண்டாக்காது. சாகாத கிருமியைச் சுற்றி அணுக்கள் கூடிக்கூடிக் கட்டியாகிவிடும். இரைப்பையின் வாயில் வந்தால் சாப்பிட்டதெல்லாம் வாந்தி. சிறுநீர்ப் பாதையில் வந்தால் நீர் பிரியாது.

"சுரங்கத் தூசியால வருதா டாக்டர்?" என்று கேட்பீங்க. இல்லை, இது மரபணுவில் வருவது. ஒரு வகை தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரும். இன்னொரு வகை அப்பா, அம்மா இருவர் வழியாகவும் வரும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். அதற்காக அந்தத் தாயைக் குறை சொல்லாதீங்க. குழந்தையின் தாய்மாமன் யாராவது சின்ன வயசிலேயே காய்ச்சல், கட்டி என்று இறந்திருந்தால் மட்டும் மறைக்காம டாக்டரிடம் சொல்லுங்க.

திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, நிமோனியா, பி.சி.ஜி. ஊசி போட்ட பக்கம் அக்குளில் ஆறாத நெறி: இவை இருந்தால் "வெள்ளை அணு சரியா வேலை செய்யுதான்னு பார்க்கணுமா?" என்று கேளுங்க. டி.எச்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வீட்டில் ஒரு குழந்தைக்கு இது உறுதியானால், அடுத்த குழந்தைக்குப் பரிசோதனை முடியும்வரை பி.சி.ஜி. போடக் கூடாது. மற்ற வீடுகளில் யாரும் தடுப்பூசியை நிறுத்த வேண்டாம்.

நோய் உறுதியானால் கிருமிக்கும் பூஞ்சைக்கும் தினமும் மாத்திரை உண்டு. விடாமல் கொடுக்கணும். எருக்குழி, மக்கிய வைக்கோல், அழுகிய இலைக்குப்பை பக்கம் பிள்ளையை விடாதீங்க. அந்தப் பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் குணமாக்கலாம். மத்திய அரசின் 2021 அரிய நோய்கள் கொள்கையின் முதல் பிரிவில் இந்த நோயும் இருக்கிறது. உயர் சிறப்பு மையங்கள் வழியாக ரூ.50 லட்சம் வரை உதவி கிடைக்க வழியுண்டு. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை அத்தகைய மையங்களில் ஒன்று. வழி தெரியாவிட்டால் 104-க்குப் போன் பண்ணிக் கேளுங்க.

1950-களில் இந்த நோயை முதலில் விவரித்த அமெரிக்க மருத்துவர்கள் அதன் பெயரிலேயே 'உயிர்கொல்லி' என்று சேர்த்திருந்தார்கள். இன்று அந்தச் சொல் பெயரில் இல்லை. ஆனா நேரத்தோடு கண்டுபிடிச்சாத்தான் பிள்ளை பிழைக்கும். பழைய சீட்டு, ஸ்கேன், சதைப் பரிசோதனை அறிக்கை எதையும் தூக்கிப் போடாம ஒரே பையில் வையுங்க. அடுத்த டாக்டருக்கு அந்தப் பைதான் வழிகாட்டும்.