தரகரின் அவசரமும் நம் நிதானமும்

(நமது சங்கத்தின் பெங்களூர்க் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மூத்த குடிமக்களுக்கான வருமான வரிச் சலுகைகளைப் பற்றிப் பேசும்படிதான் நம் காரியதரிசி கேட்டார். அதற்கு இங்கே ஆடிட்டர்கள் பலர் இருக்கிறார்கள். பணத்தைத் தொலைத்த விஷயம் ஒன்று உண்டு, அதில் எனக்கு நேரடி அனுபவம் என்று சொல்லி, இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீடு வாங்கும்போது தரகர்கள் தரும் நெருக்கடியை எப்படிச் சமாளிப்பது என்பதே அது.

நான் மத்திய அரசாங்க உத்தியோகத்தில் 36 வருஷங்கள் இருந்தவன். நாகபுரி, டில்லி, புவனேஸ்வர் என்று ஊர் மாறினாலும் வாசம் குவார்ட்டர்ஸில்தான். 2010இல் ஓய்வு பெற்றபோது, ஆயிரக்கணக்கான ஃபைல்களில் குறிப்பு எழுதியிருந்தேனே தவிர, ஒரு கிரயப் பத்திரத்தைக் கூட முழுதாகப் படித்தவனில்லை. பெண் இங்கே இருந்ததால் பெங்களூரில் வீடு தேடினோம்.

ஒரு தரகர் வந்தார். நம் பாஷையே பேசினார். "மாமா, அந்த அபார்ட்மெண்டில் நம்மவா நிறைய இருக்கா. கோவில் பக்கத்திலேயே. இந்த மாதிரி மறுபடி அமையாது" என்றார். ஒரு நாளைக்கு நாலு தடவை ஃபோன் செய்தார். 2011இல் ஒரு சாயங்காலம் வந்து, "ஹைதராபாத்திலிருந்து இன்னொரு பார்ட்டி இன்று ராத்திரி வருகிறார். நாளைக்கு அட்சய திருதியை. காலையிலேயே செக் கொடுத்துவிடுவார். நீங்கள் இப்போதே டோக்கன் கொடுத்தால் நிறுத்தி வைக்கிறேன்" என்றார்.

என் மனைவி, "ஏன்னா, ஒரு நாள் பொறுத்துக் கொடுத்தா என்ன?" என்று கேட்டாள். "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். ஒன்றரை லட்ச ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து, வெள்ளைத் தாளில் ஒரு ரசீது வாங்கிக்கொண்டேன்.

மறு வாரம் வக்கீலிடம் காகிதங்களைக் காட்டினேன். விற்பவர் வீட்டின் சொந்தக்காரர் இல்லை. அவரிடம் பவர் வாங்கிய உறவினர். சொந்தக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பவர் கொடுத்தவர் காலமானால் பவரும் அன்றோடு முடிந்துவிடும். வாரிசுகள் மூன்று பேர். அவர்களில் ஒருவருக்கு விற்கவே இஷ்டமில்லை. ஏழு மாதம் அலைந்து 90,000 ரூபாய் திரும்ப வந்தது. மீதி 60,000 போனது போனதுதான். பணத்தை விட, "உனக்குத் தெரியாது" என்று அவளிடம் சொன்ன வார்த்தைதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்தத் தரகரைத் திருடர் என்று சொல்லமாட்டேன். அவருடைய கணக்கு வேறு, நம்முடையது வேறு. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு அவருக்கு ஒரு சதவிகிதம் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். நாம் பேரம் பேசி ஐந்து லட்சம் குறைத்தால் நமக்கு லாபம் ஐந்து லட்சம். அவருக்கு நஷ்டம் வெறும் 5,000. ஆனால் வியாபாரம் முடியாமல் போனால் அவருக்கு 80,000 நஷ்டம். ஆகவே விலை குறைகிறதா, பத்திரம் சரியா என்பதை விட, சீக்கிரம் முடிகிறதா என்பதே அவருடைய கவலை. அந்த அவசரத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. அதே விசையை விரலால் கொடுத்தால் தோல் அமுங்கும். ஊசி முனையால் கொடுத்தால் குத்திவிடும். தரகரின் விசையை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் அது ஒரே மனிதர் மேல், ஒரே சாயங்காலத்தில் விழாதபடி பரப்பை அதிகமாக்கலாம். நான் சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான்.

முதலில், நாட்களில் பரப்புங்கள். வீட்டைப் பார்த்த அன்றைக்குப் பணம் தருவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாள் என்று சொன்னால், பஞ்சாங்கத்தில் அடுத்த நல்ல நாளும் இருக்கிறது என்று சொல்லுங்கள். இடையில் ஒரு நாள் ராத்திரி போய்ப் பாருங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை லாரியில் வருகிறது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள்.

இரண்டாவது, மனிதர்களில் பரப்புங்கள். தரகரோ பில்டரோ சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம். நாமே ஃபீஸ் கொடுத்து வைத்துக்கொள்ளும் வக்கீல் வேண்டும். "ஆத்தில் கேட்காமல் நான் எதுவும் செய்வதில்லை" என்று தயங்காமல் சொல்லுங்கள். அது கௌரவக் குறைவு இல்லை, நல்ல கேடயம்.

மூன்றாவது, காகிதங்களில் பரப்புங்கள். மூலப் பத்திரத்திலிருந்து இன்று வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்டா, இங்கே கத்தா, மகாராஷ்டிரத்தில் நிலத்துக்குச் சாத்-பாரா என்று பெயர்தான் வேறு. வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரங்கள் மட்டுமே வரும். வங்கிகளில் அடமானம் உள்ள சொத்துக்களைப் பதிந்து வைக்கும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் 2011 முதல் இருக்கிறது. கட்டணம் கட்டி யாரும் தேடலாம். டில்லி அங்கத்தினர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றால் மட்டும் சொத்துரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

சட்டமும் இப்போது நம் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. ரேரா என்று சொல்லும் 2016ஆம் வருஷச் சட்டப்படி, பதிவு பெற்ற புதிய திட்டங்களில் வீடு விற்கும் தரகர் தாமும் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் நம்பரைக் கேட்டு, மாநில ரேரா இணையதளத்தில் சரிபாருங்கள். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல், விலையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. விலையைச் சூப்பர் பில்ட்-அப் அளவில் சொன்னாலும், கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய வீட்டை மறு விற்பனையில் வாங்கினால் இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. அங்கே நம் ஜாக்கிரதைதான் துணை.

ரொக்கம் கேட்டால் பதில் சுலபம். 2015 ஜூன் முதல், வீடு நிலம் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். "உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லி, செக்கோ வங்கி மூலமோ, சொந்தக்காரர் பெயருக்கே கொடுங்கள். டோக்கன் ரசீதில், "பத்திரங்களில் குறை இருப்பதாக வக்கீல் சொன்னால் முழுத் தொகையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும்" என்று எழுதிச் சொந்தக்காரரே கையெழுத்திட வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் நாம் வீடு வாங்க வேண்டிய அவசியமில்லை.

2012இல் நாங்கள் மறுபடி வீடு தேடினோம். எந்தத் தரகர் வந்தாலும், "பதினைந்து நாள் வேண்டும்" என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: அப்படிக் காத்ததில் ஒரு வீடு நிஜமாகவே வேறு பார்ட்டிக்குப் போய்விட்டது. கிழக்குப் பார்த்த சமையலறை; என் மனைவிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவள், "போகட்டும், ராத்திரி நிம்மதியா தூங்கறோமே" என்றாள். இப்போது குடியிருக்கும் வீட்டின் பத்திரங்களை வக்கீல் பார்த்து முடித்த பிறகு, கடைசி முடிவை அவளிடமே விட்டேன். இரண்டு நாள் யோசித்துத்தான் சரி என்றாள்.

உங்களில் பலர் பிராவிடண்ட் ஃபண்டையும் கிராஜுவிட்டியையும் போட்டு வாங்கப் போகிறவர்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பார்த்துக் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு. அது ஒரு தடவைதான் வரும் பணம். யாராவது "இன்றைக்கே" என்று சொன்னால், "நாளைக்கு" என்று சொல்லிப் பழகுங்கள்.

எல்லோரும் க்ஷேமமாக, சொந்த வீட்டில் நிம்மதியாக இருக்கப் பகவானைப் பிரார்த்திக்கிறேன்.