மலையூரில் மாலை ஆறு மணிக்கு மேல்

(நமது சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



நம் அங்கத்தினர்களில் பலர் இப்போது குழுவாகச் சுற்றுலா போய் வருகிறார்கள். பாங்காக், பட்டாயா வரை போனவர்களும் உண்டு. எங்கே போய் வந்தாலும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி இரண்டுதான். "சாப்பாட்டுக்கு என்ன பண்ணினேள்? சாயங்காலம் எப்படிப் பொழுது போச்சு?" பகலில் பார்க்க வேண்டியதை வண்டிக்காரரே காட்டிவிடுவார். மாலை ஆறு மணியிலிருந்து படுக்கப் போகும் வரை உள்ள நாலு மணி நேரத்துக்குத்தான் நாம் யோசனை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த நாலு மணி நேரத்தைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். எடுத்துக்கொண்ட ஊர் இடுக்கி மாவட்டத்து ஏலப்பாறையும் அதைச் சுற்றியுள்ள மலைப்பகுதியும்.

இதை ஏன் பேச வேண்டும் என்றால், எழுபதைத் தாண்டிய நம்மவர்கள் பலர், "வெளியிலே எங்கே சாப்பிடறது?" என்ற ஒரே காரணத்துக்காகப் பிரயாணத்தையே விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் வருந்தி அழைத்தாலும், "நீங்க போய்ட்டு வாங்கோ, நான் ஆத்தைப் பாத்துக்கறேன்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் சொன்னால் அப்புறம் பிள்ளைகள் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார்கள். இந்தத் தடைக்குப் பெரும்பாலும் காரணம் நம் நியமம் அல்ல, விவரம் தெரியாமைதான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். கோட்டயத்திலிருந்து குமுளி போகும் சாலையில் முண்டக்கயம் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. மேலே குட்டிக்கானம். அங்கிருந்து கட்டப்பனை போகும் சாலையில் திரும்பினால் ஏலப்பாறை. அங்கிருந்து வாகமண் ஒரு பக்கம். குட்டிக்கானத்துக்குத் திரும்பி வந்து பீர்மேடு, வண்டிப்பெரியாறு வழியே போனால் குமுளியும் தேக்கடியும். பெயரில் ஏலம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தேயிலை. தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆகவே கடைத்தெருவில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். நமக்கு இது பெரிய சௌகரியம்.

இனி சாப்பாடு. நம்மில் மூன்று வகையினர் உண்டு. வெளியில் பச்சைத் தண்ணீரும் குடிக்காதவர்கள் ஒரு வகை. சைவ ஹோட்டல் என்றால் சாப்பிடுபவர்கள் இரண்டாவது. எந்தக் கடையானாலும் சைவப் பண்டம் மட்டும் சாப்பிடுபவர்கள் மூன்றாவது. இதில் எது உயர்வு என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தாம் எந்த வகை என்பதை வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே தீர்மானம் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். கடையில் இலை போட்ட பிறகு, பக்கத்து மேஜையில் மீன் வறுவலைப் பார்த்து முகத்தைச் சுளித்து எழுந்து போவது நியமம் ஆகாது. பரிமாற வந்தவர் மனதைப் புண்படுத்துவதுதான் அதில் மிச்சம்.

முதல் வகையினருக்கு வீட்டுத் தங்கல் எனப்படும் ஹோம்ஸ்டே நல்லது. கேரள சுற்றுலாத் துறை இவற்றைத் தரம் பிரித்து அங்கீகாரம் தருகிறது. முன்பதிவு செய்யும்போதே, "எங்களுக்குத் தனி அடுப்பு கிடைக்குமா?" என்று கேட்டுவிடலாம். கிடைக்காத இடத்தில் ஒரு சிறிய மின்சார குக்கருக்கு அனுமதி கேட்கலாம். அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் கையோடு போனால் தயிரை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது வகையினருக்குக் குமுளி சௌகரியம். தமிழ்நாட்டு எல்லை ஊர் ஆதலால் இட்லி, தோசை, சாப்பாடு போடும் சைவ ஹோட்டல்கள் அங்கே உண்டு. கார்த்திகை முதல் மகர ஜோதி வரை சபரிமலை யாத்திரிகர்கள் அந்த வழியே போவதால், வழியோரக் கடைகள் பல அந்த நாட்களில் சைவமாகவே நடக்கும். தாய்லாந்திலும் இது போல ஒன்று உண்டு. ஒன்பதாம் சீன மாதத்தில் ஒன்பது நாட்கள் சைவ விரதத் திருவிழா நடக்கும். அப்போது "ஜே" என்ற எழுத்துள்ள மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் மாமிசம், முட்டை, பால் கிடையாது. வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. மற்ற நாட்களில் அங்கே காய்கறி வதக்கலிலும் மீன் சாறு விடுவார்கள் என்பதைப் போகிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். விரதம் என்பது நம் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இன்னொரு உதாரணம் வாகமண்ணிலேயே இருக்கிறது. 1958-ல் பிரான்சிஸ் ஆச்சாரியாவும் பீட் கிரிஃபித்ஸும் தொடங்கிய குரிசுமலை ஆசிரமம் ஒரு கிறித்துவத் துறவியர் மடம். அங்கே மாமிசம் சமைப்பதில்லை. மாட்டுப் பண்ணைதான் அவர்களுடைய முக்கிய தொழில். அது தியானத்துக்கான இடம், உணவு விடுதி அல்ல. போகிறவர்கள் அமைதியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மூன்றாவது வகையினர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. பரோட்டா மாவில் முட்டை சேர்ப்பது உண்டு. பரோட்டாவுக்கு "கிரேவி" என்று மட்டும் சொன்னால் மாமிசக் குழம்பு வந்து விழலாம். "கடலைக் கறி" என்றோ "காய்கறிக் குருமா" என்றோ பெயர் சொல்லிக் கேட்கவும். பழம்பொரி சாப்பிடும் முன், அதே எண்ணெயில் வேறு என்ன பொரித்தார்கள் என்று மெதுவாக விசாரிக்கலாம். புட்டும் பழமும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ஆப்பமும் சர்க்கரையும் பொதுவாகச் சங்கடம் இல்லாதவை. பெரிய விடுதிகளில் வெங்காயம் பூண்டு வேண்டாம் என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட "ஜெயின் சாப்பாடு" என்றால் சமையற்காரருக்கு உடனே புரிகிறது. கூடவே உருளைக்கிழங்கும் போய்விடும், அவ்வளவுதான்!

நம் வயதுக்கு இரவில் மிகவும் ஏற்றது கஞ்சியும் பயறும். சூடான கஞ்சி, பச்சைப்பயறுத் தோரன், சுட்ட அப்பளம், ஒரு துண்டு ஊறுகாய். மாலை நாலு மணிக்கே சொல்லிவைத்தால் ஹோம்ஸ்டேக்காரர்கள் சந்தோஷமாகச் செய்து தருவார்கள். ஏழரைக்குள் சாப்பிட்டுவிடலாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் கஞ்சியைக் குறைத்துப் பயறைக் கூட்டிக்கொள்ளவும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பௌதிகம். சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. 1,100 மீட்டர் உயரமுள்ள வாகமண்ணில் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவதற்கு அதுவே காரணம். சமையற்காரரைக் குறை சொல்ல வேண்டாம். கிருமி சாக அந்தச் சூடு தாராளமாகப் போதும். ஆனால் கேரளத்தில் கடைகளில் தரும் பதிமுகம் போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால், கொதித்த நீரில் பச்சைத் தண்ணீர் கலந்திருக்கக் கூடும். மஞ்சள் காமாலை வரும் வழிகளில் அதுவும் ஒன்று. ஆவி பறக்கும் தண்ணீராகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மாலைப் பொழுது. தாய்லாந்தின் சியாங் மாயில் இரவுச் சந்தை விளக்கு வெளிச்சத்தில் ஜேஜே என்று இருக்கும். ஏலப்பாறையில் அப்படி எதுவும் கிடையாது. தேநீர்க் கடை, பேக்கரி, கடைசி பஸ், அப்புறம் மூடுபனி. விடுதிகளில் தீ மூட்டிச் சத்தமாகப் பாட்டு வைப்பது இப்போது அதிகமாகியிருக்கிறது. 2020 டிசம்பரில் வாகமண் விடுதி ஒன்றில் நடந்த போதைப்பொருள் விருந்தைப் போலீஸார் பிடித்தது பெரிய செய்தியாயிற்று. குடும்பத்தோடு போகிறவர்கள், விடுதியில் இரவு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

நமக்கு ஏற்ற மாலை நிகழ்ச்சி குமுளியில் இருக்கிறது. முத்ரா போன்ற அரங்குகளில் கதகளியும், கடத்தநாடன் களரியில் களரிப்பயற்றும் பயணிகளுக்காக மாலை வேளைகளில் சுமார் ஒரு மணி நேரம் நடத்துகிறார்கள். கோயில் வளாகத்தில் விடிய விடிய நடக்கும் கதகளியை ஒரு மணி நேரத்தில் சுருக்கிவிட்டார்களே என்று குறைப்படுபவர்கள் உண்டு. முழு இரவு உட்கார நம் முதுகு ஒத்துழைக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். சற்று முன்னாலேயே போனால் முகத்தில் சுட்டி வைப்பதையும் பார்க்கலாம். ஆட்டத்துக்கு முன் முத்திரைகளுக்கு அர்த்தம் சொல்கிறார்கள்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். கல்யாண சௌகந்திகமோ துரியோதன வதமோ ஆடும்போது, பேரக் குழந்தைக்கு வேஷமும் செண்டையும்தான் தெரியும்; கதை தெரியாது. பீமன் ஏன் பூப் பறிக்கப் போனான், வழியை மறித்துப் படுத்திருந்த கிழட்டுக் குரங்கு யார் என்று காதோடு சொல்வதற்குப் பக்கத்தில் தாத்தாவோ பாட்டியோ வேண்டும். அந்த வேலையை வேறு யாரும் செய்ய முடியாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பூட்டு போதும்.

தேக்கடியில் பெரியாறு புலிகள் காப்பகத்தாரின் காட்டு நடைகளுக்குத் திடகாத்திரமான பிள்ளைகளை அனுப்பலாம். முன்பு காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்து வந்தவர்களை 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை மனம் மாற்றி, காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கிற்று. அவர்களில் தமிழர்களும் உண்டு. காட்டை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

எங்கும் போகாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் ஒரு காட்சி உண்டு. பிப்ரவரி மாதத்தில் பனி விலகிய இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். மிருகசீரிஷத்துக்குக் கீழ்ப்பக்கம் பளிச்சென்று தெரிவது அகஸ்திய நட்சத்திரம். ஏலப்பாறை அட்சரேகையில் அது அடிவானத்திலிருந்து சுமார் 28 பாகை உயரம் வரை எழும்புகிறது. மும்பை அங்கத்தினர்களுக்கு 18 பாகை, தில்லிக்காரர்களுக்கு 9 பாகைதான். நகரத்து வெளிச்சத்திலும் தூசியிலும் அவர்களுக்கு அது தெரிவதே அபூர்வம். நாம் பார்க்கும் ஒளி அங்கிருந்து புறப்பட்டுச் சுமார் 310 வருஷம் ஆகிறது. தென்திசை முனிவரைத் தெற்கே வந்து பார்ப்பதுதானே முறை?

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குமுளியில் ஆட்டம் பார்த்தால் இரவு குமுளியிலேயே தங்கிவிடுங்கள். ஏலப்பாறைக்கு இருட்டில் திரும்ப வேண்டாம். மூடுபனி என்பது நுண்ணிய நீர்த்துளிகள். பெரிய விளக்கைப் போட்டால் ஒளி சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்ந்த விளக்கில்தான் பாதை தெரியும். மழைக்காலத்தில் போகவே வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் 70 பேர் உறக்கத்திலேயே மாண்டார்கள். 2021 அக்டோபர் 16 அன்று ஏலப்பாறைக்குக் கீழே கொக்கையாற்றிலும் கூட்டிக்கல்லிலும் நிலச்சரிவில் பல உயிர்கள் போயின. மழை எச்சரிக்கை நாட்களில் மாவட்ட நிர்வாகம் இரவுப் பயணத்தைத் தடை செய்வது நம் பாதுகாப்புக்காகத்தான். டிசம்பர் பிற்பாதி முதல் மார்ச் வரை உசிதமான காலம். கம்பளிக் குல்லாயும் ஒரு டார்ச்சும் மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை விழுந்தபோது பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலி நின்றுபோன குடும்பங்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. இன்று வழியோரத்தில் தேநீரும் கஞ்சியும் விற்கும் சிறு கடைகளுக்கு, போகிற வருகிறவர்களின் பணம் ஒரு ஆதாரம். நாம் வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர் சாதத்தைக் காருக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டு, குப்பையை மட்டும் அந்த ஊருக்குக் கொடுத்துவிட்டு வருவது நியாயமில்லை. நியமம் இடம் கொடுக்காவிட்டால் அரைக் கிலோ தேயிலையும் நூறு கிராம் ஏலக்காயும் அந்தக் கடையிலேயே வாங்குங்கள். விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்காதீர்கள்.

அடுத்த தடவை பிள்ளைகள் கூப்பிட்டால், இரவு கஞ்சிக்கு இப்போதே சொல்லிவைக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.